வடித்த தண்ணீர்

சுரைக்காய் வாங்கலாம். பீர்க்கங்காய் வாங்கலாம். வெள்ளரிக்காயை அந்தப் பெண் வாங்கலாம் என்றாளா வேண்டாம் என்றாளா, கமலவேணிக்கு இப்போது நிச்சயமில்லை. ஒரு பிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு உழவர் சந்தையின் நடுவழியில் நின்றாள், பின்னால் வந்தவள் கூடையால் இடித்து, “நின்னு ரோசன பண்ற எடமாங்க இது” என்று சொல்லிவிட்டுப் போனாள். யோசிக்கிற இடம்தான். வீட்டில் யோசித்தால் முகத்தில் தெரிந்துவிடுகிறது, அவர் என்ன கமலா என்று கேட்டுவிடுகிறார். பிஞ்சைத் திரும்பக் குவியலில் போட்டாள். சந்தேகம் வந்தால் கொடுக்காதீங்கம்மா என்றுதான் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விவரம் சொல்கிற அந்தச் சின்னப் பெண்ணும் சொன்னாள், மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டே. முன்பெல்லாம் இந்தச் சந்தைக்குள் நுழைந்தாலே கமலவேணிக்குப் பாதி வயிறு நிறைந்துவிடும். வெண்டைக்காயின் வாலை ஒடித்துப் பார்ப்பாள், கத்தரிக்காயின் காம்பைத் தடவிப் பார்ப்பாள், ஒரு பை நிறைந்ததும் அதற்குள்ளிருந்து இன்னொரு பை எடுப்பாள். அவருக்குக் கிட்னி போய் டயாலிசிஸ் என்று ஆரம்பித்த நாளிலிருந்து காய்கறியெல்லாம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது, கொடுக்கலாம், கொடுக்கக் கூடாது. உருளைக்கிழங்கு கூடாது, சேனை கூடாது, வாழைப்பழம் கூடவே கூடாது, தக்காளிக் குவியலைத் தாண்டும்போது பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரரைத் தாண்டுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எல்லாவற்றிலும் பொட்டாசியம். பாதி வயசுவரை கேட்டறியாத அந்தப் பெயரை இப்போது சாமி பெயரைவிட அதிகமாகச் சொல்கிறாள். சரி, இன்றைக்கு என்ன சமைப்பது, அதைச் சொல்லு முதலில். மத்தியானத்துக்குள் மகன் நவநீதன் ஓசூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்துவிடுவான், அவன் அப்பாவை ஏற்றிக்கொண்டு போய்விடுவான். அங்கே ஒரு இல்லம் இருக்கிறதாம், உள்ளேயே டயாலிசிஸ் மிஷின், நர்ஸ், கேமரா, அவர்கள் கொடுப்பதைத் தவிர ஒரு வாய் தண்ணீர்கூட உள்ளே போகாதாம். நோயாளிகளுக்கு மட்டும்தான் கட்டில், பெண்டாட்டிக்கு இடமில்லை, மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். ஆக அவள் கையால் அவர் சாப்பிடுகிற கடைசிச் சோறு இன்றைக்கு... ச்சீ, கடைசி என்ன கடைசி, வாயில் வருவதைப் பார். ஒரு சுரைக்காயை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தாள், இளசாகத்தான் இருந்தது, பையில் போட்டுக்கொண்டாள்.

சந்தை வாசலில் இளநீர் வண்டி நின்றது. அதைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது, எல்லாவற்றுக்கும் காரணம் இவன்தானே, சாயங்காலமானால் இதே வண்டி அவர்கள் தெரு முனையில்தானே நிற்கிறது, இதே வண்டிப் பக்கத்தில்தானே அவர் நின்றதை ஊருக்கு வந்திருந்தபோது நவநீதன் கண்ணால் பார்த்தான். கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. “ஏனுங்ண்ணா, சீக்காளின்னு தெரிஞ்சும் அவியளுக்கு எப்புடீங்க வெட்டிக் குடுக்க மனசு வந்துச்சு?” அரிவாளைக் கீழே வைத்துவிட்டு இளநீர்க்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “யாருக்குங்க? மோட்டார்க்காரருக்குங்களா? அட என்னுங்கம்மிணி நீங்களும். நான் எங்க குடுத்தேன்? வருவாருங்க, வண்டியப் புடிச்சுட்டு நின்னு பழம பேசுவாரு. ஒருக்கா நானே சீவி நீட்டினேன், காசு வேண்டாம் குடிங்கன்னு. கையெடுத்துக் கும்புட்டு வேண்டாம்னுட்டாரு. அடுத்தவிய குடிக்கறதப் பாத்துட்டுப் போறேன், அதுவே போதும்னாரு. உங்க பையன் வந்து வண்டியக் கவுத்துப்போடுவேன்னு சத்தம் போட்டுட்டுப் போறாரு, நான் என்னத்தச் சொல்ல.” யாவாரிப் பேச்சு, கமலவேணி வாய்க்குள் சொல்லிக்கொண்டாள், யாவாரி வேறெப்படிப் பேசுவான், ஆமாம் நான்தான் கொடுத்தேன் என்றா சொல்வான். சொல்லிக்கொண்டே ரோட்டைத் தாண்டினாள், பஸ் ஏறினாள், ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஆனால் கையெடுத்துக் கும்பிட்டார் என்றானே. அதை எப்படி இவன் கற்பனை பண்ணுவான். வேண்டாம் என்பதற்கு அவர் கும்பிடத்தான் செய்வார், பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் வந்தாலும் கும்பிடுவார், மோட்டார் காயில் கட்டிக் கொடுத்ததற்குக் கூடுதலாக யாராவது நீட்டினாலும் கும்பிடுவார், கல்யாணமான புதிதில் அவள் அதைச் செய்து காட்டிச் சிரித்திருக்கிறாள். அவர் கும்பிட்டிருந்தால் குடிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

குடிக்கவில்லை. அவரும் அதைத்தான் சொன்னார், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, மூக்கில் குழாயோடு. போன வாரம் குளியலறையில் கால் துவண்டு விழுந்தவரைப் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இதயம் நின்று நின்று துடித்ததாம், பொட்டாசியம் அத்தனை ஏறிப்போயிருந்ததாம். இவ்வளவு எங்கிருந்துங்க வந்துச்சு, இளநீர் குடுத்தீங்களா, ஜூஸ் குடுத்தீங்களா, பழம் ஏதாச்சும் என்று டாக்டர் கேட்டபோது கமலவேணி குலதெய்வத்தின் பேரில் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள், ஒண்ணுமே குடுக்கலீங்க டாக்டர், நீங்க சொன்னபடிக்குத்தான் எல்லாமே. டாக்டர் பேனாவை மூடினார். அப்ப அவராத்தான் வெளிய எங்கயோ குடிக்கறாரு, இன்னொரு தடவ இப்படி வந்தா எங்க கையில இல்லீங்க. அவ்வளவுதான், அந்த ஒரு பேச்சு போதுமே, எல்லாரும் சேர்ந்து அவரைக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள். நவநீதன் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தான். “அப்பா, ஒத்துக்குங்க. ஒத்துக்கிட்டா நாங்க ஏதோ பண்ணலாம். பொய் சொன்னீங்கன்னா நாங்க என்ன பண்றது?” “நான் குடிக்கலடா.” “வண்டிகிட்ட நின்னீங்களா இல்லையா?” “நின்னேன். குடிக்கல.” திரும்பத் திரும்ப அதே. பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். அப்போது அவள், அவள்தான், அவரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தின கமலவேணிதான், ஊசி போட வந்த நர்ஸ் பிள்ளையின் முன்னால் வைத்து, “பொய் சொல்லாதீங்க, உங்க வயசுக்கு இது அசிங்கமா இல்லீங்களா” என்று கேட்டாள். அவர் அவளைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. வேறு யாரோ சொல்லிவிட்டதுபோல, யார் சொன்னது என்று தேடுவதுபோலப் பார்த்தார், அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வீட்டுக்குக் கூட்டிவந்ததிலிருந்து அவர் வாசல்படி தாண்டவில்லை, வாசலுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை அவள் இடுப்பில் செருகிக்கொண்டாள், நவநீதன் போனில் அப்படித்தான் செய்யச் சொன்னான். சந்தைக்கு வரும்போதுகூட அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது அவளுக்குத் தெரிந்தது.

பூட்டைத் திறந்து உள்ளே போனபோது சென்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், காலடியில் துணிமணி எடுத்துவைத்த பெட்டி. “வந்துட்டியா?” என்றார். “வந்துட்டனுங்க.” “வெயிலா?” “வெயிலில்லீங்க, மூடிக்கிட்டு நிக்குது.” இளநீர்க்காரர் சொன்னதைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது, சொன்னால் அப்புறம் மன்னிப்புக் கேட்க வேண்டும், மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வீடு இது, இத்தனை வருஷத்தில் அவரும் கேட்டதில்லை அவளும் கேட்டதில்லை, சோறு போட்டுத்தான் சண்டை தீரும். “என்னுங்க வேணும், சொல்லுங்க, பண்ணிப் போடறேன்.” அவர் யோசிக்கவே இல்லை. “ரசம் வெய்யி, போதும். வேற எதுவும் எனக்கு வாய்க்கு ஒத்துக்கறதில்ல.” அது அவளுக்குத் தெரியும். நோய் முற்ற முற்ற அவருக்கு நாக்கே செத்துப்போய்விட்டது, எதைப் போட்டாலும் தகரத்தை நக்குகிற மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவார், ஒன்றே ஒன்று மட்டும் உள்ளே போகும், அவள் வைக்கிற ரசம், அதை மட்டும் டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை குடிப்பார். அதிலே அவளுக்கு ஒரு கர்வம் உண்டு, டாக்டருக்கும் நர்ஸுக்கும் இல்லாத கைப்பக்குவம் தனக்கு இருக்கிறதென்று, யாரிடமும் சொல்லிக்கொள்ளாத கர்வம்.

கீரை பறிக்க மாடிக்குப் போனாள். மாடித் தோட்டம் அவர் போட்டது. மோட்டார் பட்டறையை மூடின வருஷம், சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பை பையாக வாங்கிவந்து, தேங்காய் நார்த் தூளும் சாணி எருவும் கலந்து நிரப்பி, ஒவ்வொரு பைக்கும் சொட்டுத் தண்ணீர்க் குழாய் இழுத்து, பட்டறை வேலை பார்க்கிற அதே கணக்கோடு வரிசை பிசகாமல் வைத்தார். இப்போது அவரால் படி ஏற முடியாது. படி ஏற முடியாதவருக்கு மேலே இவ்வளவு பச்சையாக இருப்பதில் என்ன நியாயம் என்று அவளுக்குச் சில நாள் ஆத்திரமாக வரும். ஆடிச் சாரல் விழுந்ததிலிருந்து கீரை பிடித்துக்கொண்டு வளர்கிறது, சிறுகீரையும் தண்டுக்கீரையும் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கின்றன, ஒரு பையைக் காலி பண்ணினால் அடுத்த பை தயாராக நிற்கிறது, பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்தும் தீரவில்லை. இலைகளில் ஈரம் இருந்தது. குனிந்து கிள்ளும்போது வந்த வாசனையில் கொஞ்சநேரம் எல்லாம் மறந்துபோய்விட்டது, இன்றைக்கு என்ன நாள், யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், ஒன்றும் இல்லை, விரலுக்கும் தண்டுக்கும் நடுவில் முறிகிற அந்தச் சின்னச் சத்தம் மட்டும். அவரை நம்பியிருக்கலாம். ஒரு வார்த்தை, இருங்க தம்பி, அப்பா பொய் சொல்லற ஆளில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய் சொல்லவில்லை என்றால் பின்னே பொட்டாசியம் எங்கிருந்து வந்தது, ஆகாசத்திலிருந்தா வந்தது, அதற்கு யார் பதில் சொல்வது. மடி நிறைந்துவிட்டது, இறங்கி வந்தாள்.

அடுப்படியில் அவளுக்கு யோசனை தேவையில்லை, கைக்கே எல்லாம் தெரியும். கீரையை அலசிப் பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்தாள். வெந்ததும் தட்டைச் சாய்த்துப் பிடித்துத் தண்ணீரைக் குண்டாவில் வடித்தாள். வடித்த தண்ணீர் பச்சையும் பழுப்புமாகத் தளும்பியது. கை தானாகப் போய் இரண்டாவது அடுப்பைப் பற்றவைத்தது, குண்டாவை அதன்மேல் ஏற்றியது, அவருக்கு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளவு சொல்லியிருப்பதால் அது பாதியாகச் சுண்ட வேண்டும், சுண்டினபின் அதிலே மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ஒரு நுரை வந்ததும் இறக்க வேண்டும், டம்ளர் ரசத்தில் குண்டா ரசத்தின் சத்து. சீரகத்தை அம்மிக்கல்லில் வைத்தாள். அவர் குடிக்கவில்லை என்றால். சீரகத்தை நசுக்கினாள். இளநீர் குடிக்கவில்லை, பழம் தின்னவில்லை, வெளியே ஒன்றும் வாயில் வைக்கவில்லை என்றால், வெளியே வைக்கவில்லை என்றால் வீட்டில்தான். வீட்டில் என்ன. சுரைக்காய், பீர்க்கங்காய், கோதுமை ரவை, எல்லாம் அந்தப் பெண் சொன்னபடி. அந்தப் பெண் சொன்னபடி. அவள் வேறென்ன சொன்னாள், கீரை வாரத்துக்கு ஒரு நாள் கொஞ்சூண்டு போதும் என்றாள், நெறைய தண்ணில வேக வெச்சு அந்தத் தண்ணியக் கீழ கொட்டிருங்கம்மா, பொட்டாசியமெல்லாம் தண்ணில எறங்கிரும் என்றாள். செரிங்க என்று கமலவேணி தலையாட்டினாள். தலையாட்டிக்கொண்டே மனசுக்குள், இவ ஒருநாளாவது அடுப்படில நின்னிருப்பாளா, கீரைத் தண்ணியப் போயிக் கொட்டச் சொல்றா பாரு, இருக்கற சத்தெல்லாம் அதுலதான இருக்குது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள். பிறந்த வீட்டில் கொட்டினதில்லை, புகுந்த வீட்டில் கொட்டினதில்லை. வடித்தால் ரசத்துக்கு, அதைக் கொட்டுகிற பெண்ணைக் குடும்பத்துக்கு ஆகாதவள் என்பார்கள். அவருக்குக் கீரை கொடுப்பதில்லையே, வாரம் ஒரு நாள் ஒரே ஒரு கரண்டி, மீதியெல்லாம் அவள்தானே தின்றாள், சத்துப்போன சக்கையை அவள் தின்றுவிட்டு, சத்தை, தினமும், ஆடிச் சாரலிலிருந்து தினமும், சுண்டவைத்து, டம்ளரில் ஊற்றி. அம்மிக் குழவி கையைவிட்டு உருண்டு போனது. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இல்லை. இது வெறும் தண்ணீர். ரசம் எப்படி விஷமாகும், காய்ச்சல்காரனுக்கு ரசம், பிள்ளை பெற்றவளுக்கு ரசம், ஒன்றும் இறங்காதவனுக்கு ரசம், ரசம் குடித்துச் செத்தவன் உண்டா எங்கேயாவது. டாக்டர் இளநீர் கேட்டார், ஜூஸ் கேட்டார், பழம் கேட்டார். ரசம் கேட்கவில்லையே, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே, ஒளித்தா வைத்தேன். கேட்டிருந்தாலும் கொஞ்சமாகத்தான் குடிக்கிறார் என்று சொல்லியிருப்பாய் கமலவேணி, பெருமையாகச் சொல்லியிருப்பாய். ஆடியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது கொஞ்சம் ஏறியிருந்தது, ஆவணியில் இன்னும் ஏறியிருந்தது, அப்போதே டாக்டர் புருவத்தைத் தூக்கினார், அவள் வீட்டுக்கு வந்து என்ன பண்ணினாள், அவர் இளைத்துப்போய்விட்டாரே என்று இன்னும் ஒரு கைப்பிடி கீரை அதிகமாகப் போட்டாள். அவர் விழுந்த அன்றைக்குக் காலையில் இரண்டாவது டம்ளர் கேட்டார். கொடுத்தாள். ஆசையாகக் கேட்கிறாரே என்று கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் இறங்கியிருந்தது, வீட்டுக்கு வந்ததும் மறுபடி ஆரம்பித்துவிட்டாள், நேற்றும் கொடுத்தாள், முந்தாநாளும் கொடுத்தாள், இன்றைக்கும் இதோ. வாசலைப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, உள்ளே வைத்துக் கொடுத்தாள். கைப்பிடித் துணிகூட எடுக்காமல் குண்டாவைத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தாள், விரல் சுட்டது, சுடட்டும். நல்ல வாசனையோடு ஆவி முகத்தில் அடித்தது.

இப்போது சொல்ல வேண்டும். அவ்வளவுதானே, வேலை முடிந்தது, நவநீதன் வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, தம்பி, அப்பா ஒண்ணும் பண்ணல, தப்பு என்ற மேல, நான்தான் தெரியாம இப்படிப் பண்ணிப்போட்டேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவர் போக வேண்டாம். பெட்டியைப் பிரித்துத் துணியை அடுக்கிவிடலாம். சொன்னால் அவன் என்ன சொல்வான். ஒன்றும் சொல்ல மாட்டான், அதுதான் பயம், ஒரு நிமிஷம் அவளையே பார்ப்பான், ஆஸ்பத்திரியில் அப்பாவைப் பார்த்தானே அதுமாதிரி, அப்புறம் போனை எடுத்துக்கொண்டு வெளியே போவான். அவளை இனி அடுப்படியில் விடமாட்டார்கள். சமையலுக்கு ஆள் போடுவார்கள், அந்த ஆளை அவளுக்குக் காவல் வைப்பார்கள். அவருடைய அக்கா ஊரெல்லாம் சொல்வாள், மருந்து வைக்கிற மாதிரி வெச்சுக் குடுத்திருக்கா பாத்துக்க என்று, தெரியாமல் செய்தாள் என்கிற பாதியை விட்டுவிட்டு மீதியைச் சொல்வாள். நாளைக்கே அவருக்கு ஏதாவது ஆனால், என்றைக்கிருந்தாலும் ஆகத்தானே போகிறது, அது அவள் கணக்கில்தான் விழும், பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து அழும்போதுகூட எல்லாரும் அவள் கையைப் பார்ப்பார்கள். அப்படியானால் சொல்லாமல் இரு. சொல்லாமல் இருந்தால் அவர் ஒரு கேமராவின் கீழே, முகம் தெரியாதவர்கள் நடுவில், திருட்டுத்தனமாகத் தின்கிற கிழவன் என்ற பேரோடு. சொல்லு. சொல்லத்தான் போகிறேன். அவன் முதலில் வரட்டும். எப்படி ஆரம்பிப்பது, தம்பி என்று ஆரம்பிக்கலாம், கண்ணு என்றால் கெஞ்சுகிற மாதிரி இருக்கும். அதற்குள் கை, இந்தப் பாழாய்ப்போன கை, வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ஒரு ரசம் வைத்து முடித்திருந்தது. வாயில் விட்டுப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை.

தட்டில் ஒரு கரண்டி சோறு போட்டு, ரசம் ஊற்றி, சுரைக்காயைப் பக்கத்தில் வைத்தாள். சென்னியப்பன் பிசைந்து ஒரு வாய் எடுத்துவைத்தார். இரண்டாம் வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார். “இன்னைக்குக் கீரத்தண்ணி ஊத்தலையா?” கேள்வியில் ஒன்றுமே இல்லை, உப்பு போடலையா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். அவள் இல்லீங்க, கீரை இல்லை என்று சொல்லியிருக்கலாம், அடுப்படியில் வெந்த கீரை குன்றுமாதிரி கிடக்கிறதே. “அத ஊத்தக் கூடாதுங்களாமா” என்றாள். “யாரு சொன்னது?” “அன்னைக்கே சொன்னாங்க, அந்த ஆஸ்பத்திரிப் புள்ள. தண்ணியக் கொட்டோணும்னு. பொட்டாசியமெல்லாம் அதுலதான் எறங்குமாமா.” குரல் அவளுடையதாக இல்லை. அவர் கை தட்டிலேயே நின்றது. மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு எந்தச் சுற்றில் கருகியிருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகு அதே இடத்தைக் கொஞ்சநேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாரே, அப்படித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டட்டும், அவள் வேண்டிக்கொண்டாள், தட்டைத் தூக்கி எறியட்டும், என்னைப் பொய்யன் என்றாயேடி என்று ஒரு அறை விடட்டும். அவர் மறுபடி பிசைய ஆரம்பித்தார். மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் சாப்பிட்டார். டம்ளரில் இருந்ததையும் குடித்தார். கை கழுவப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, “நல்லாத்தான் இருக்குது” என்றார்.

கார் வந்து நின்றது. நவநீதன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான், ராத்திரி தூங்காத முகம், பாவம் அவனும்தான் என்ன செய்வான், பெட்டியைத் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தான். “மாத்திரையெல்லாம் எடுத்து வெச்சாச்சா? கெளம்பலாங்களாப்பா?” என்று கேட்டுவிட்டு, கேட்டதோடு விட்டிருக்கலாம், அவனுக்கும் உள்ளே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும், “எனக்கு மட்டும் உங்களக் கொண்டுபோயி உடணும்னு ஆசையாப்பா? நீங்க உண்மையச் சொல்லியிருந்தீங்கன்னா...” என்று ஆரம்பித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இப்போது, இப்போதுதான். கமலவேணி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். “தம்பி. ஒண்ணு சொல்லோணும். தப்பு வந்து...” முந்தானையை இன்னொரு சுற்றுச் சுற்றினாள், “தப்பு வந்து அப்பா மேல...” “ஆமாண்டா, நான் குடிச்சேன்” என்றார் சென்னியப்பன். எழுந்து நின்றிருந்தார், நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு. “எளநி. அந்த வண்டிலதான். அம்மாளுக்குத் தெரியாம நாலஞ்சு தடவ குடிச்சேன். நாக்கு கேக்கல. உங்கிட்ட ஒத்துக்கறதுக்கு வெக்கமா இருந்துச்சு, அதான் சொல்லல. உங்கம்மாளும் அதத்தான் சொல்ல வந்தா.” சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் சுவர்ப்பக்கம் திரும்புமுன் பார்த்தாரே அந்தப் பார்வை இல்லை இது. பேசாம இரு என்கிற பார்வை. ஊரார் முன்னால் அவள் ஏதாவது உளறிவிடப் போகும்போது அவர் பார்க்கிற பார்வை.

இல்லீங்க என்று ஒரே ஒரு சொல். அது போதும். அது வாயில்தான் இருந்தது, நாக்கின்மேல் இருந்தது, அதன் ருசிகூட அவளுக்குத் தெரிந்தது. நவநீதன் பெருமூச்சு விட்டான், கோபம் போய்விட்டது அவனுக்கு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான், இத்தனை நாளில் முதல்முறையாகப் பிடித்துக்கொண்டான், “இத அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாப்பா” என்று மட்டும் சொன்னான். அப்பனும் மகனும் சேர்ந்துவிட்டார்களே, இப்போது போய் நடுவில் விழுந்து எதற்குக் கெடுப்பது, அங்கே போனால் அவரை நல்லபடி பார்த்துக்கொள்வார்கள், மிஷின் பக்கத்திலேயே இருக்கிறது, உடம்புக்கு நல்லதுதானே, அவரே மனசொப்பித்தானே போகிறார். எவ்வளவு வேகமாக வந்துவிட்டன இந்தக் காரணங்களெல்லாம், வரிசையில் நின்றுகொண்டிருந்தவைபோல. படியிறங்கும்போது அவர் ஒரு தடவை தடுமாறினார், அவள் ஓடிப்போய் முழங்கையைத் தாங்கினாள், அவர் வேண்டாம் என்று கும்பிட்டார். கை அவளுக்கு நேராக உயரவில்லை, மார்புவரைதான் வந்தது. காரில் ஏறி உட்கார்ந்து, முன்பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

நவநீதன் மறுபடி உள்ளே வந்து பெட்டியை எடுத்தான். அவள் கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்ததைப் பார்த்துப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் தோளைப் பிடித்தான், சின்னப் பிள்ளையில் அவள் அவனைப் பிடிப்பதுபோல. “நீ ஏம்மா அழுவற? அவருதான் ஒத்துக்கிட்டாரில்ல. நீ உன்னால ஆனதெல்லாம் பண்ணிட்ட. வேற யாரும் இப்புடிப் பாத்திருக்க மாட்டாங்கம்மா. உன்ற மேல என்ன தப்பு இருக்குது சொல்லு?” அவன் பதிலுக்குக் காத்திருந்தான். சும்மா பேச்சுக்குக் கேட்கிற கேள்வி இல்லை அது, அவன் நிஜமாகவே கேட்டான், அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டான், வெளியே கார் கதவு திறந்தே இருந்தது, இப்போதுகூடக் கூப்பிட்டால் அவர் இறங்கிவிடுவார். கமலவேணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒண்ணுமில்ல கண்ணு” என்றாள். “மழ வரதுக்குள்ள கெளம்புங்க.”